3 வெற்றி, 22 தோல்வி: பேஸ்பால் சீசனின் தொடக்கத்தை எடைபோடுவது எப்படி?

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் இருக்கின்றன. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆனால் ஏப்ரல் முடிவதற்குள்ளாகவே எந்த அணி வியக்க வைத்தது, எது ஏமாற்றியது என்று தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்புகளில் எதை நம்பலாம் என்பதை, ஒரு தாளையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன். ஆட்ட விதிகள் அனைத்தும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 1: எதிர்பார்ப்பை முதலில் எழுதுங்கள்

எதிர்பார்ப்பு என்ன என்று சொல்லாமல் ஏமாற்றம் என்று சொல்வதில் பொருளில்லை. தொடங்குவோருக்கு எளிய அளவுகோல், அந்த அணி சென்ற ஆண்டு பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை. 2022இல் சின்சினாட்டி ரெட்ஸ், 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் ஆகிய இரண்டும் முதல் 25 ஆட்டங்களில் 3 வெற்றி, 22 தோல்வி என்று ஒரே மாதிரி தடுமாறின. முந்தைய ஆண்டில் ரெட்ஸ் 83 ஆட்டங்களை வென்றிருந்தது. வைட் சாக்ஸ் வென்றதோ 61 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் தாளின் மேற்பகுதியில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பழையதையும் புதியதையும் கலந்து கணக்கிடுங்கள்

பேஸ்பாலில் ஏறத்தாழ 70 ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் வெற்றி தோல்விப் பட்டியலில் திறமையின் பங்கு தற்செயலின் பங்குக்குச் சமமாகிறது என்பது புள்ளிவிவரக்காரர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. ஆகவே 25 ஆட்டங்களை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், சென்ற ஆண்டின் வேகத்தில் 70 ஆட்டங்களை ஆடியதாகக் கற்பனை செய்து, அவற்றையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வைட் சாக்ஸுக்குச் செய்து பார்ப்போம். 61ஐ 162ஆல் வகுத்து 70ஆல் பெருக்கினால் சுமார் 26 வருகிறது. அதனுடன் இந்த ஆண்டின் 3 வெற்றிகளைக் கூட்டினால் 29. ஆட்டங்களின் எண்ணிக்கை 70உம் 25உம் சேர்ந்து 95. 29ஐ 95ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.305 என்ற விகிதத்தை மீதமுள்ள 137 ஆட்டங்களுக்குப் பொருத்தினால் 42 வெற்றிகள். கையில் உள்ள 3ஐச் சேர்த்தால் 45. அந்த அணி உண்மையில் 41 ஆட்டங்களை வென்று 121இல் தோற்றது. இதே கணக்கு ரெட்ஸுக்கு 59 என்று சொல்கிறது. அவர்கள் பெற்றது 62. தொடக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும், முடிவில் 21 வெற்றிகள் வித்தியாசம். முதல் படியை ஏன் வற்புறுத்தினேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

படி 3: ரன்களைப் பாருங்கள்

ஓர் அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அது பெற்றிருக்க வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். பேஸ்பால் புள்ளிவிவர வல்லுநர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் இது. விகிதத்தை 162ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டின் வெற்றிகள் தெரியும். 2023இல் சான் டியாகோ பாட்ரேஸ் 752 ரன்கள் எடுத்து 648 கொடுத்தது. சூத்திரப்படி 93 வெற்றிகள் வந்திருக்க வேண்டும், வந்தவை 82. மயாமி மார்லின்ஸ் 666 எடுத்து 723 கொடுத்தும் 84 ஆட்டங்களை வென்றது. சூத்திரம் சொன்னது 74. ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் மார்லின்ஸ் 33 வென்று 14இல் தோற்றதும், பாட்ரேஸ் 9 வென்று 23இல் தோற்றதும் இந்தப் புதிரின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு பாட்ரேஸ் 93 ஆட்டங்களை வென்றது, மார்லின்ஸ் 62க்குச் சரிந்தது. என்னைக் கேட்டால், ஏப்ரல் மாதத்தில் வெற்றி எண்ணிக்கையைவிட ரன் வித்தியாசத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

படி 4: எதிரணி யார்?

2023இல் டாம்பா பே ரேஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்று, 1900க்குப் பிந்தைய சாதனையைச் சமன் செய்தது. ரன் கணக்கிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர்கள் வீழ்த்தியவை டெட்ராய்ட், வாஷிங்டன், ஓக்லாந்து, பாஸ்டன் ஆகிய அணிகள். இவற்றில் ஒன்றுகூட அந்த ஆண்டில் தோற்றதைவிட அதிக ஆட்டங்களை வெல்லவில்லை. ஓக்லாந்து 112 ஆட்டங்களில் தோற்றது. 14ஆவது ஆட்டத்தில் டொராண்டோ அணி ரேஸைத் தடுத்து நிறுத்தியது. இரண்டாம் படியின் கணக்கு (சென்ற ஆண்டு 86 வெற்றி) ரேஸுக்கு 103 என்று காட்டும், கிடைத்தது 99.

படி 5: களத்தில் யார் இருக்கிறார்கள்?

கணக்குக்குள் வராத பகுதி இதுதான். ரேஸின் 13ஆவது வெற்றியின்போதே பிட்சர் (பந்து வீசுபவர்) ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ் முழங்கைக் கோளாறால் ஆட்டத்தின் நடுவே வெளியேறினார். ராஸ்முசென், மெக்ளானஹன் என்று மேலும் இரண்டு முன்னணி பிட்சர்களும் அதே ஆண்டில் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குச் சென்றார்கள். எனவே காயம் பட்டவர்களின் பட்டியலை வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

காயம்பட்டவர்கள் திரும்பி வருவதும் உண்டு. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 50 ஆட்டங்களில் 19 மட்டுமே வென்றிருந்தது. நம் கணக்கைப் போட்டால் (சென்ற ஆண்டு 82 வெற்றி) 70 வெற்றிகள் என்று வரும். அவர்கள் 93 வென்றார்கள், சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடரான உலகத் தொடரையும் கைப்பற்றினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் விரல் முறிந்த அணியின் முன்னணி வீரர் டிரே டர்னர் மே மாத நடுவில்தான் களம் திரும்பியிருந்தார். ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து பந்து வீசுவோர் தொடர்ந்து சொதப்பியதால், ஜூலை 31இல் டொராண்டோவிடமிருந்து டேனியல் ஹட்சனை வாங்கினார்கள். அந்த உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்த பிட்சர் அவர்தான். 50ஆவது ஆட்டம் முடிந்த அன்று அவர் அந்த அணியிலேயே இல்லை.