மூணு டெர்மினல் ஜோசப்சன் ஜங்ஷன்: பேப்பர், பென்சில் வச்சே எனர்ஜி லெவல் கண்டுபிடிக்கலாம்

ரெண்டு சூப்பர்கண்டக்டருக்கு (மின்தடையே இல்லாம கரண்ட் ஓடற பொருள்) நடுவுல மெல்லிசா வேற ஒரு பொருள் இருந்தாலும் வோல்டேஜே இல்லாம கரண்ட் ஓடும்னு இயற்பியலாளர் ஜோசப்சன் 1962ல சொன்னாரு, அந்த அமைப்புதான் ஜோசப்சன் ஜங்ஷன். அதே இடத்துல மூணாவதா ஒரு சூப்பர்கண்டக்டர சேத்தா? அதுதான் மூணு டெர்மினல், ஒவ்வொரு சூப்பர்கண்டக்டரும் ஒரு டெர்மினல். மூணு தனித்தனி ஜங்ஷன்னு நினைச்சு கணக்கு போட்டுடாதீங்க, இங்க நடுவுல இருக்கற எலக்ட்ரானோட ஒரே எனர்ஜி லெவல் மூணு சூப்பர்கண்டக்டரோட ஃபேஸையும் ஒண்ணா பாக்குது, எனக்கு இந்த சப்ஜெக்ட்டே பிடிச்சுப்போனது அதனாலதான்.

ஸ்டெப் 1: ஒவ்வொரு சூப்பர்கண்டக்டருக்கும் ஒரு ஃபேஸ் கோணம் உண்டு, அதாவது அதுக்குள்ள இருக்கற எலக்ட்ரான் ஜோடிகளோட அலை சுழற்சியில எந்த இடத்துல இருக்குங்கறது. வித்தியாசம் மட்டும்தான் முக்கியம், அதனால ஒண்ண பூஜ்யம்னு வச்சுட்டா மாத்தறதுக்கு ரெண்டு கோணம் மிச்சம். லேப்ல டெர்மினல்கள லூப்பா இணைச்சு காந்தப்புலம் குடுப்பாங்க, லூப்புக்குள்ள போற காந்தப் பாயம் ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டம் (அதோட அடிப்படை அலகு) கூடினா கோணம் 360 டிகிரி சுத்தும்.

ஸ்டெப் 2: நடுவுல இருக்கற எலக்ட்ரானோட எனர்ஜி சூப்பர்கண்டக்டிங் கேப்ப (தனி எலக்ட்ரான் சூப்பர்கண்டக்டருக்குள்ள இருக்க வேண்டிய குறைந்தபட்ச எனர்ஜி) விட கம்மின்னா அது தனியா உள்ள போக முடியாது, இன்னொண்ண சேத்துக்கிட்டு ஜோடியா போகும், பதிலுக்கு ஒரு ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) திரும்பி வரும். இதுதான் ஆண்ட்ரீவ் ரிஃப்ளக்ஷன். இப்படி மாறி மாறி சுத்தறப்ப அந்தந்த டெர்மினலோட ஃபேஸ் அலையில ஏறிக்கிட்டே வரும், ஒரு சுத்து முடிஞ்சு அலை எந்த எனர்ஜில தன்னோட சரியா பொருந்துதோ அதுதான் ஆண்ட்ரீவ் லெவல்.

ஸ்டெப் 3, இதுதான் மெயின். பேப்பர்ல ஒவ்வொரு டெர்மினலுக்கும் அதோட ஃபேஸ் கோணத்துல ஒரே நீளத்துல ஒரு அம்பு போடுங்க, எல்லாத்தையும் தலையும் வாலுமா சேத்து மொத்த நீளத்த மூணால வகுங்க. அத கேப்பால பெருக்கினா லெவலோட எனர்ஜி வந்துடும். மூணும் பூஜ்யம்னா லெவல் கேப்போட விளிம்புல இருக்கும். ஒண்ணு மட்டும் 180 டிகிரின்னா ரெண்டு அம்பு இந்தப்பக்கம், ஒண்ணு அந்தப்பக்கம், மிச்சம் ஒண்ணு, அதாவது கேப்புல மூணுல ஒரு பங்கு. அலுமினியத்துக்கு கேப் சுமார் 0.18 மில்லி எலக்ட்ரான்வோல்ட், அப்ப லெவல் 0.06ல நிக்கும். இப்ப 0, 120, 240 போட்டு பாருங்க, முக்கோணம் மூடிக்கும், எனர்ஜி பூஜ்யம்!

இந்த ஷார்ட்கட் எப்பவும் செல்லாது. ஜங்ஷன் ரொம்ப குட்டியா இருக்கணும், டெர்மினலுக்கு ஒரே சேனல் (எலக்ட்ரான் போற வழி), நடுவுல சிதறல் முழு சமச்சீரா இருக்கணும் (ஒரு டெர்மினல்லேந்து வர்ற எலக்ட்ரான் மத்த ரெண்டுக்கும் தலா 4/9 வாய்ப்புல போகும், 1/9 வாய்ப்புல திரும்பும்). பொதுவான சிதறலுக்கு மேட்ரிக்ஸ் போட்டுத்தான் ஆகணும், அதுல மூணு டெர்மினல் லெவல் சாதாரணமா பூஜ்யத்த தொடாது.

ஸ்டெப் 4: கரண்ட். லெவல் எனர்ஜி ஒரு ஃபேஸோட எவ்வளவு வேகமா மாறுதோ அதுதான் அந்த டெர்மினல் கரண்ட்டோட அளவ முடிவு பண்ணுது. முதல் அம்ப தொடாம மூணாவத மட்டும் திருப்புங்க, மொத்த நீளம் மாறும், முதல் டெர்மினல் கரண்ட்டும் கூடவே மாறும்.

நாலு டெர்மினல்னா மாத்தறதுக்கு மூணு கோணம் கிடைக்குது, அங்க லெவல் பூஜ்யத்த தொடற வெய்ல் புள்ளிகள் வரலாம்னு ரிவார், ஊசே, மேயர், நசரோவ் நாலு பேரும் 2016ல கணக்கு போட்டு காட்டினாங்க. சிதறல கொஞ்சம் மாத்தினா அந்தப் புள்ளி அழியாது, இடம்தான் நகரும்.