அறிவியல் மாணவர்களுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: பாடப் பொருத்தம் முதல் மதிப்பெண் மாற்றம் வரை

அறிவியல் பட்டப்படிப்பு ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. குவாண்டம் இயக்கவியல் முதல் தாளை முடிக்காமல் இரண்டாம் தாளில் உட்கார முடியாது. கரிம வேதியியல் லேப் முடிக்காதவருக்கு அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் கிடைக்காது. எக்ஸ்சேஞ்ச் முறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன செமஸ்டரில் ஒரு கண்ணி விட்டுப்போனால், அந்தத் தாள் மறுபடி நடத்தப்படும்வரை காத்திருக்க வேண்டும். பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். அதனால் எந்த நாடு, எந்த ஊர் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எந்தத் தாள்களை அங்கே முடிக்க வேண்டும் என்பதில் தொடங்குங்கள். கிளம்புவதற்கு 12 முதல் 15 மாதங்களுக்கு முன்பே இந்த வேலை ஆரம்பமாக வேண்டும்.

இடம் உண்டா என்று முதலில் பாருங்கள்

எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். கல்விக் கட்டணத்தை உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கட்டுவீர்கள். அங்கே கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் இல்லாமல் நீங்களாகப் போனால் அங்குள்ள முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். சில ஒப்பந்தங்கள் பல்கலைக்கழகம் முழுமைக்கும் பொருந்தும், சில ஒரு துறைக்கு மட்டுமே. இயற்பியல் துறை போட்ட ஒப்பந்தத்தில் வேதியியல் மாணவர் நுழைய முடியாமல் போவது உண்டு. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள்: என் துறைக்கு இடம் இருக்கிறதா, எத்தனை இடம், ஒப்பந்தம் எப்போது காலாவதி ஆகிறது?

நாமினேஷன், விண்ணப்பம் இரண்டும் வேறு வேறு. முதலில் உங்கள் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை அங்கே அனுப்பும். பிறகு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. நாமினேஷன் ஆனதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவதைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸில் பயணச் செலவுக்கும் மாதச் செலவுக்கும் உதவித்தொகை உண்டு. படிப்புக்காக 2 மாதம் முதல் 12 மாதம் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களும் போக முடியும். ஆனால் அதற்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே அந்தத் திட்டத்தின்கீழ் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

பாடங்களைப் பொருத்துவது

தாளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘வெப்ப இயக்கவியல்’ என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் கிளாசிக்கல் பகுதி மட்டும் நடக்கும், இன்னோரிடத்தில் புள்ளியியல் இயக்கவியலும் சேர்ந்தே நடக்கும். இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைப்பு தலைப்பாக அட்டவணை போடுங்கள். உங்கள் தாளில் இருந்து அங்கே இல்லாதவற்றைச் சிவப்பில் குறியுங்கள். அந்தச் சிவப்புப் பகுதிகள் அடுத்த செமஸ்டர் தாளுக்கு அடிப்படையாக இருந்தால் பொருத்தம் வேண்டாம். இல்லையென்றால் நீங்களே படித்துச் சரிசெய்துகொள்ளலாம். இந்த அட்டவணையோடு துறைத் தலைவரைப் பார்க்கப் போனால் கையெழுத்து விரைவில் கிடைக்கும். வெறும் பாடப் பட்டியலோடு போனால் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்ற பதில்தான் வரும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்ஸில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60, செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் இதை அப்படியே இரட்டிப்பாக்க வேண்டும்: அங்கே 2 கிரெடிட், ஈசிடிஎஸ்ஸில் 1. வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணும் முறையில் பழகியவர்கள் 30 கிரெடிட் எடுத்துவிட்டுத் திணறுவார்கள். லேப் உள்ள செமஸ்டரில், உதவித்தொகை நிபந்தனையும் உங்கள் பல்கலைக்கழக விதியும் இடம் தந்தால், 24 அளவில் நிறுத்துவது நல்லது என்பது எங்கள் கருத்து.

முடிவானதை லேர்னிங் அக்ரிமெண்ட் என்ற பாட ஒப்பந்தத்தில் எழுதி மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும்: நீங்கள், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம். ஒரு பட்டியலில் அங்கே படிக்கப்போகும் தாள்கள், இன்னொன்றில் அவற்றுக்கு ஈடாக இங்கே கழிக்கப்படும் தாள்கள். இரண்டாவது பட்டியல்தான் உங்களுக்கான பாதுகாப்பு. அதைக் காலியாக விட்டுவிட்டு ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மாற்றுத் தாளையும் ஒப்புதலோடு கையில் வைத்திருங்கள். போன பிறகு கால அட்டவணை மோதும், தாள் ரத்தாகும், இடம் நிரம்பிவிடும். எராஸ்மஸ் பிளஸ்ஸில் மாற்றங்களைச் செமஸ்டர் தொடங்கி 5 வாரங்களுக்குள் கேட்டுவிட வேண்டும்.

லேப்: அதிகம் சறுக்கும் இடம்

பெரும்பாலான திட்டங்கள் குழம்புவது இங்கேதான். பல பல்கலைக்கழகங்களில் லேப் தனித் தாளாக இல்லாமல், வகுப்பும் லேப்பும் சேர்ந்த பெரிய பாடத் தொகுதிக்குள் (மாட்யூல்) அடங்கியிருக்கும். உங்கள் பல்கலைக்கழகமோ லேப் கிரெடிட்டைத் தனியாகக் கேட்கும். அங்கே வெளியிடும் மாட்யூல் கையேட்டில் லேப் எத்தனை மணி நேரம், என்னென்ன பரிசோதனைகள் என்ற விவரம் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்து இணைத்து, லேப் பகுதிக்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள்.

இருக்கை எண்ணிக்கையும் குறைவு. வகுப்பறையில் கூடுதலாக ஒரு நாற்காலி போடலாம். நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூடைக் கூடுதலாகப் போட முடியாது. அதனால் லேப் பதிவு மற்ற தாள்களுக்கு முன்பே மூடப்படும். விண்ணப்பிக்கும்போதே லேப் ஒருங்கிணைப்பாளருக்குத் தனியாக மின்னஞ்சல் எழுதி இடம் கேளுங்கள்.

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். சில லேப்கள் வகுப்புகள் முடிந்த பிறகு, விடுமுறையில், தொடர்ச்சியாகச் சில வாரங்கள் முழு நாளும் நடக்கும். பிப்ரவரிக்கே திரும்பும் டிக்கெட் போட்டவர் அந்த லேப்பை இழப்பார். லேப், தேர்வு இரண்டின் தேதியும் தெரிந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

மொழியும் கவனிக்க வேண்டியது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் இளநிலை லேப் உள்ளூர் மொழியில் நடக்கலாம். பாதுகாப்பு விளக்கத்தைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்டால்தான் உள்ளே விடுவார்கள். முதல் நாள் விளக்கத்துக்கு வராதவரை அந்த லேப்பிலிருந்தே நீக்குவதும் உண்டு. மனித ரத்தம், திசு கையாளும் லேப் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அந்த ஊசியின் வழக்கமான மூன்று தவணைகள் முடிய 6 மாதம் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். கதிரியக்கம், விலங்குகள் சார்ந்த வேலைக்குத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும்.

ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்காகப் போகிறவர்கள்

தாள்களுக்குப் பதில் ஒரு குழுவில் ப்ராஜெக்ட் செய்யவும் சில ஒப்பந்தங்கள் அனுமதிக்கும். புரொஃபசருக்கு எழுதும் மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களைக் கவர்ந்த குறிப்பிட்ட அம்சம், உங்களுக்குக் கையாளத் தெரிந்த கருவிகளும் மென்பொருளும், வரும் தேதி, போகும் தேதி, செலவை யார் ஏற்கிறார்கள் என்பது. இவை போதும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஒரு துறை முழுவதற்கும் அனுப்பாதீர்கள். பக்கத்து அறைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

கிளம்பும் முன், அங்கே எடுக்கும் தரவை உங்கள் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா, கட்டுரையில் பெயர் வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதிரிகள், விதைகள், வேதிப்பொருள்கள் எதையும் பெட்டியில் எடுத்துச் செல்லாதீர்கள். அவற்றுக்கான அனுமதியை இரு நிறுவனங்களும்தான் பெற வேண்டும்.

விசாவும் பணமும்

ஏற்புக் கடிதம் வந்த அன்றே விசா நேர்காணலுக்கு நாள் பாருங்கள். அமெரிக்காவுக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவர் போவது ஜே-1 விசாவில். அங்குள்ள பல்கலைக்கழகம் இந்த விசாவுக்கான தகுதிச் சான்றான டிஎஸ்-2019 படிவத்தை அனுப்பிய பிறகே விண்ணப்பிக்க முடியும். படிப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் விட மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை ஈடு தர வேண்டும். அணு அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறையினரின் விண்ணப்பம் கூடுதல் பரிசீலனைக்குப் போகலாம். அது வாரக்கணக்கில் நீளும். என்ன படிக்கப்போகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில், துறை சாராதவருக்கும் புரியும்படி எழுதி, தன்விவரக் குறிப்போடு கொண்டுபோங்கள்.

ஜெர்மனிக்கு, உதவித்தொகை இல்லாதவர்கள் பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) பணம் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. தொகை மாறிக்கொண்டிருக்கும் என்பதால் தூதரக இணையதளத்தில் உறுதி செய்யுங்கள். கல்விக் கட்டணம் இல்லையென்றாலும் செமஸ்டர் பங்களிப்புத் தொகை தனியாக இருக்கும். எராஸ்மஸ் உதவித்தொகையில் ஒரு பகுதி கடைசியில்தான் வரும். முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் கையில் பணம் வேண்டும்.

மதிப்பெண்

ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த மதிப்பு, 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பாக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 10க்கு 8 வாங்கியவர், தேர்ச்சி எல்லை 4 என்றால், 2 ÷ 6 × 3 + 1 = 2.0. திரும்பி வரும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவார்களா, வேறு முறையா, அல்லது தேர்ச்சி என்று மட்டும் பதிவார்களா என்பதைப் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சராசரி கிரேடு முக்கியமானவர்களுக்குத் ‘தேர்ச்சி’ முறைதான் நிம்மதி.

ஊர் திரும்பும் முன் அந்த ஆண்டின் மாட்யூல் கையேடு, திருத்தப்பட்ட லேப் அறிக்கைகள், வருகைச் சான்று மூன்றையும் கோப்பாகச் சேமியுங்கள். அங்குள்ள மின்னஞ்சல் கணக்கு முடக்கப்பட்ட பிறகு எடுப்பது கடினம். டிரான்ஸ்கிரிப்ட், முடிவுகள் வெளியான பிறகும் சில வாரங்கள் பிடிக்கும். கடைசி செமஸ்டரை வெளிநாட்டில் கழித்து, உடனே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இந்த இடைவெளியே தடையாகும். அவர்கள் கடைசிக்கு முந்தைய செமஸ்டரைத் தேர்ந்தெடுக்கட்டும்.