லூப்பில் வார் வேண்டாம், லெட் போடுங்கள்

ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 2 வரை ஓடும் ஃபார் லூப்பில் 'ஐ' என்ற வேரியபிளை வார் (var) போட்டு எழுதி, உள்ளே சற்று நேரம் கழித்து ஓடும் டைமரான செட்டைம்அவுட் (setTimeout) வைத்து அதை அச்சிட்டுப் பாருங்கள். 0, 1, 2 வருமென்று காத்திருப்போம். வருவதோ 3, 3, 3. வாரில் ஃபங்ஷன் முழுவதற்கும் ஒரே 'ஐ'தான். டைமர் ஓடும் நேரத்தில் லூப் முடிந்து அதில் 3 நிற்கும். வாருக்குப் பதில் லெட் (let) போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி 'ஐ' கிடைக்கும். 2015-லேயே வந்துவிட்ட வசதி இது. புதிதாக எழுதும் கோடில் வாருக்கு இடமே தராதீர்கள்.

வேரியபிளை அறிவிக்கும் இன்னொரு சொல்லான கான்ஸ்டில் (const) மட்டும் கவனம். அது பெயரைத்தான் பூட்டும், அதாவது அந்தப் பெயருக்கு வேறு மதிப்பைத் தர முடியாது. ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் மதிப்புகளைத் தாராளமாக மாற்றலாம். அதையும் தடுக்க ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ் (Object.freeze) வேண்டும், அதுவும் மேலடுக்குக்கு மட்டுமே; உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளை அது பூட்டாது.