ஹமீது பரேராவை ஜெயிச்சிருக்க முடியுமா? தரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற முறை

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் என்னிடம் குத்துச்சண்டை பழக வரும் பையன்களில் ஒருவன் இடதுகைக்காரன். பதினாறு வயது. குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் துண்டு வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, இரண்டு கையையும் இடுப்போடு தொங்கவிட்டு, முகத்தை முன்னால் நீட்டி நிற்கப் பழகிவிட்டான். போன மாதம் ஒரு போட்டியில் அப்படியே நின்றான். நேராக வந்த இரண்டு குத்தில் மூக்கிலிருந்து ரத்தம். திரும்பி வரும்போது பஸ்ஸில், பஞ்சை மூக்கில் பிடித்துக்கொண்டே கேட்டான்: "மாஸ்டர், ஹமீது மட்டும் அன்னைக்கு ஒழுங்கா ப்ராக்டீஸ் பண்ணிட்டு வந்திருந்தா பரேராவை அடிச்சிருப்பான்ல?"

மாட்டுத்தாவணியில் இறங்கும்வரை நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் இன்னும் மூன்று பையன்களையும் வீட்டுக்கு வரச்சொல்லி, ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் கொடுத்து, முழுச் சண்டையையும் போட்டுக் காட்டினேன். அன்று நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 'அவன் ஜெயிச்சிருப்பானா' என்ற கேள்வி எந்தச் சண்டையைப் பற்றி வந்தாலும் இப்படியே செய்து பார்க்கலாம்.

சண்டை நடந்தது 2001 ஏப்ரல் 7, லாஸ் வேகாஸில். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த ஏமன் வம்சாவளிக்காரர் ஹமீது, இடதுகைக்காரர். அதுவரை 35 சண்டை, 35 வெற்றி, அதில் 31 நாக் அவுட். ரிங்கின் மேல் கயிற்றைப் பிடித்து குட்டிக்கரணம் போட்டு உள்ளே இறங்குகிறவர். எதிரே மெக்சிகோவின் மார்கோ அன்டோனியோ பரேரா. 122 பவுண்டு எடைப் பிரிவிலிருந்து 126 பவுண்டுப் பிரிவுக்கு ஏறி வந்தவர். முட்டி மோதிச் சண்டை போடுகிறவர் என்றுதான் பெயர். அன்று அவர் மோதவே இல்லை. பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆடி, 12 ரவுண்டிலும் ஹமீதை அளந்து அடித்தார். மூன்று நடுவர்களும் பரேராவுக்கே கொடுத்தார்கள்.

முதல் வேலை, கேள்வியை இறுக்கிக் கட்டுவது. எந்த வருஷத்து ஹமீது? எதை மாற்றுகிறோம், பயிற்சியையா, பயிற்சியாளரையா, ஆடும் முறையையா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் ரிங்கில் நிற்பது ஹமீது இல்லை, வேறு ஆள். பையன்களிடம் ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரு வரி எழுதச் சொன்னேன். இடதுகைக்காரன் எழுதியது: 'நல்லா ட்ரெயினிங் எடுத்த ஹமீது'. அதையே எடுத்துக்கொண்டோம்.

அடுத்து, டிவியில் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிடுங்கள். வர்ணனையாளர் குரலை ஏற்றினால் காற்றில் போன குத்துகூட விழுந்த மாதிரி தெரியும். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, முகத்திலோ உடம்பிலோ சுத்தமாக விழுந்த குத்துக்கு மட்டும் ஒரு கோடு. கிளவுஸில் பட்டதுக்குக் கிடையாது. ரவுண்டு முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று அவரவர் எழுதிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் நோட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. இடைவேளையைச் சேர்த்தாலும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும்.

அதன் பிறகு நடுவர்களின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், பாதி விடை இங்கேதான் இருக்கிறது. தீர்ப்பு 116-111, 115-112, 115-112. கடைசி ரவுண்டில் பரேரா ஹமீதைப் பின்னாலிருந்து பிடித்து, தலையை ரிங் மூலைக் கம்பத்தின் மெத்தையில் கொண்டுபோய் இடித்தார். அதற்காக, ரிங்குக்குள் நின்ற ரெஃப்ரி ஜோ கோர்டெஸ் பரேராவின் கணக்கில் ஒரு புள்ளியைக் கழித்தார். அந்தப் புள்ளியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், இரண்டு நடுவர்கள் பரேராவுக்கு 8 ரவுண்டு, ஹமீதுக்கு 4 கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் 9-3. அப்படியானால் ஹமீதுக்குத் தேவைப்பட்டது எவ்வளவு? 8-4 போட்டவர்கள் இரண்டு ரவுண்டை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் 6-6. கழித்த புள்ளியோடு சேர்த்தால் 114-113. இரண்டு நடுவர் கணக்கில் ஹமீது ஜெயித்துவிடுகிறார்!

இதைக் கரும்பலகையில் எழுதினதும் பையன் துள்ளி எழுந்துவிட்டான். "ரெண்டே ரவுண்டுதானே மாஸ்டர்!" சரி, அந்த இரண்டு ரவுண்டு எதுவென்று உன் நோட்டிலிருந்து எடுத்துக்கொடு என்றேன். பரேராவுக்கு என்று அவனே எழுதியிருந்த ரவுண்டுகளில் இரண்டை மட்டும் மறுபடி ஓட்டினோம். அவன் மனதார ஆசைப்பட்டும் மாற்றி எழுத முடியவில்லை. இன்னொன்றையும் யோசிக்கச் சொன்னேன். சண்டை அவ்வளவு நெருக்கமாகப் போயிருந்தால், கையில் இருக்கிற புள்ளியைத் தூக்கிக்கொடுக்கிற வேலையை பரேரா கடைசி ரவுண்டில் செய்திருப்பாரா? கழித்த அந்தப் புள்ளியை நம்பி ஹமீதுக்கு வெற்றி கட்ட முடியாது.

அடுத்தது கால். சண்டையை இரண்டாவது தடவை பாருங்கள். இந்தத் தடவை இடுப்புக்கு மேலே பார்க்கவே கூடாது. மேலூர் பக்கம் எங்க தாத்தா சிலம்பம் சொல்லிக்கொடுத்தபோது, மணலில் காலடி வைக்கப் பழகின பிறகுதான் கம்பையே கையில் கொடுத்தார். "கம்பு பொய் சொல்லும்டா, காலு சொல்லாது" என்பார். நான் டிவித் திரையின் மேல் பாதியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன்.

பரேரா மாதிரி வலதுகைக்காரரும் ஹமீது மாதிரி இடதுகைக்காரரும் எதிரெதிரே நின்றால், ஒருவரின் இடது பாதமும் மற்றவரின் வலது பாதமும் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் வரும். யாருடைய முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அவருடைய பின்கைக்கு, அதாவது பின்னால் வைத்திருக்கிற கைக்கு, நேர்வழி கிடைக்கும். ஹமீதின் ஆயுதம் அந்தப் பின்கை, அதாவது இடது கை. பரேரா என்ன செய்தார்? தன் இடதுபக்கமாகவே சுற்றினார். ஒவ்வொரு அடியிலும் ஹமீதின் இடது கையை விட்டு அங்கிட்டு நகர்ந்தார். ஹமீது எட்டிப் பாய்ந்து அடிக்கும்போது இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்துவிடுகிறது, இல்லையென்றால் உடம்பைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி நிற்கிறார். அந்த நொடியில் பரேராவின் லெஃப்ட் ஹூக், இடது கையை வளைத்து அடிக்கிற குத்து, வந்து இறங்குகிறது. துண்டுக்குக் கீழே ஹமீதின் பாதம் தடுமாறுவது மட்டும் தெரியும். அதிலேயே மேலே என்ன நடந்தது என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு சண்டை பாருங்கள். முன்னால், 1997 டிசம்பரில் நியூயார்க்கில் கெவின் கெல்லியோடு நடந்தது. நாலாவது ரவுண்டில் ஹமீது நாக் அவுட்டில் ஜெயித்தார், ஆனால் அதற்குள் மூன்று தடவை தரையில் விழுந்திருந்தார். கால் நிலை தவறுகிற அதே பழக்கம் அங்கேயே இருக்கிறது. 2001-ல் பயிற்சி எப்படி இருந்திருந்தாலும், அந்த ஓட்டை மூன்று வருஷத்துக்கு மேல் பழசு. பின்னால், 2003 நவம்பரில் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியோ பரேராவை அடித்து, 11-வது ரவுண்டில் சண்டையை நிறுத்த வைத்தார். பாக்கியோவும் இடதுகைக்காரர். ஆக, அடி பலமான இடதுகைக்காரனால் பரேராவை வீழ்த்த முடியும். ஆனால் பாக்கியோ காலோடு உள்ளே போய், மூன்று நாலு குத்தை ஒன்றாகக் கொடுத்து, வேறு கோணத்தில் வெளியே வருகிறார். ஹமீது ஒரே ஒரு குத்துக்காகக் காத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்கிறேன். நன்றாகப் பயிற்சி எடுத்த 2001 ஹமீதும் புள்ளியில் தோற்றிருப்பார், ஒருவேளை 7-5 என்று இன்னும் நெருக்கமாக. பரேரா அன்று மோதல் சண்டைக்கு இறங்கியிருந்தால் மட்டும் நாக் அவுட்டுக்கு வாய்ப்பு உண்டு. ஷெஃபீல்டில் பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிளின் ஜிம்மில் ஏழு வயதில் சேர்ந்தவர் ஹமீது. அந்த ஜிம்மின் தரையில் கோடு போட்டு வைத்திருப்பார்கள், அந்தக் கோட்டின் மேல் மணிக்கணக்கில் நடப்பதுதான் பாடம். 1998-ல் இருவரும் பிரிந்தார்கள். அந்தக் கோட்டிலேயே இன்னும் மூன்று வருஷம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்படி ஒரு திறமை அது.

பையன் அன்று ஒன்றும் பேசவில்லை. திங்கள்கிழமை காலை நான் போனபோது, சுண்ணாம்புப் பொடியால் தரையில் இரண்டு நீளக் கோடு போட்டு, அதன் மேல் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருந்தான். கை மட்டும் இன்னும் இடுப்பில்தான் இருந்தது. வரும் ஞாயிறு, 2000 பிப்ரவரியில் பரேராவும் எரிக் மொராலஸும் மோதிய சண்டையை இதே மாதிரி பார்க்கப் போகிறோம். இரண்டுக்கு ஒன்று என்று நடுவர்கள் மொராலஸுக்குக் கொடுத்தது அது. நோட்டு, பேனா, துண்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.