தமிழ்த் தளத்தின் தேடல் பெட்டியைச் சரிசெய்வது எப்படி?

தேடினால் கிடைக்கவில்லை என்று புகார் வந்ததும் பலர் முடிவுகளின் தரவரிசையில் கை வைக்கிறார்கள். அதற்கு முன் பெட்டிக்குள் விழும் எழுத்தைப் பாருங்கள்.

'கொ' என்பதன் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. 'கொத்தமல்லி' தளத்தில் இருந்தும் 'முடிவுகள் இல்லை' என்று வருவது இதனாலும் இருக்கலாம். தேடலுக்கான சொல் அட்டவணையில் (இண்டெக்ஸ்) ஏற்றும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. முறையில், அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறையில், இயல்பாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

ஔகாரம் இதிலும் அடங்காது. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவம்' என்று அடித்தவர்கள் ஏராளம். 'ஒளவையார்' கதையும் அதுதான். என்.எஃப்.சி. இதைத் தொடாது, நீங்களே விதி எழுத வேண்டும்: கொம்புக்கோ 'ஒ' என்ற உயிரெழுத்துக்கோ பின் வரும் 'ள' மீது புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் மட்டும் ஔகாரமாக்குங்கள். இந்த நிபந்தனையை விட்டால் 'வெள்ளம்', 'ஒளி' எல்லாம் சிதையும். மாற்றம் அட்டவணையிலும் தேடுசொல்லிலும் மட்டும். வாசகருக்குக் காட்டும் உரை அப்படியே இருக்கட்டும்.

அடுத்து விசைப்பலகை. ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர், விசைப்பலகை தரும் பரிந்துரைச் சொல்லைத் தேர்வுசெய்ய என்டர் அழுத்துவார். உங்கள் பக்கம் அதையே தேடல் கட்டளையாக எடுத்து அரைகுறைச் சொல்லை அனுப்பிவிடும். சொல் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் வரும் என்டரைப் புறக்கணியுங்கள். உங்கள் தளம் காட்டும் பரிந்துரைப் பட்டியல், தட்டுவது நின்று 200–300 மில்லிவிநாடி கழித்து வந்தால் போதும்.

'குறைந்தது மூன்று எழுத்து' என்ற விதி ஆங்கிலத் தளங்களிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. 'பூ', 'தீ', 'ஈ' தேடுபவர் என்ன செய்வார்? எடுத்துவிடுங்கள்.

முடிவுகளில் சொல்லை நிறமிட்டுக் காட்டும்போது 'பட' என்று தேடியவருக்குப் 'படிப்பு' வந்தால், நிறம் டகரத்தோடு நின்று இகரக் குறி தனியே பிரிந்து புள்ளிவட்டத்தோடு தொங்கலாம். குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டாமல் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள்.

பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும். தேடிய சொல் முடிவுப் பக்கத்திலும் பெட்டியில் இருக்கட்டும், பக்கத்தின் இணைய முகவரியிலும் இருக்கட்டும். பின்செல்லும் பொத்தான் அப்போதுதான் ஒழுங்காக வேலைசெய்யும்.

முடிவே இல்லாத தேடல்களை வாரம் ஒருமுறை தளத்தின் தேடல் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் அங்கே அப்பட்டமாகத் தெரியும். 'பலம்' என்று தட்டியவருக்குப் 'பழம்' முடிவுகளைச் சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள். 'பழம் தேடுகிறீர்களா?' என்று இணைப்பாகக் கேளுங்கள். பலம் தேடுபவரும் உண்டு.