பொலிஸாரின் உரிமை மீறலுக்கு நட்டஈடு கோருவது எப்படி: வன்னி மக்களுக்கு

பொலிஸார் ஒருவரைக் காரணமின்றிக் கைது செய்தாலோ, காவலில் வைத்து அடித்தாலோ, நட்டஈடு கோருவதற்கு இலங்கைச் சட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன: அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மீறல் மனு, மாவட்ட நீதிமன்றத்தில் தொடரும் நட்டஈட்டு வழக்கு. மனுவுக்குரிய காலம் ஒரே மாதம். காயம் ஆறட்டும், பிள்ளை பிணையில் வரட்டும் என்று பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அந்த மாதம் போவதே தெரியாது.

கொழும்புக்கு உடனே போக இயலாதவர்கள், அந்த மாதத்துக்குள் வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையிலுள்ள காலம் மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விசாரணை உண்மையிலேயே நடைபெற்றதற்கு ஆதாரம் எங்கே என்று உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக்கு அழைக்கும் கடிதங்களையும் கேட்டுப் பெற்று, திகதி வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கின் உயிர்நாடி மருத்துவ ஆதாரம்தான். அரச வைத்தியசாலைக்குச் சென்று, அடித்தது யார், எதனால், எங்கே என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் கூறி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்க வேண்டும். பொலிஸார் அருகில் நிற்கையில் “விழுந்துவிட்டேன்” என்று சொன்னவர்களும் உண்டு. அந்த ஒரு சொல் குறிப்பேட்டில் ஏறிவிட்டால் பின்னர் அதற்கு விளக்கம் சொல்வது பெரும்பாடு. அன்று உடுத்திருந்த இரத்தக்கறை பட்ட சாரத்தைத் தோய்க்காமல், உலரவிட்டுக் கடதாசிப் பையில் வையுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். தமிழ் வடமாகாணத்தின் நிர்வாக மொழி.

மனுவில் அடித்தவரோடு பொறுப்பதிகாரி, பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் ஆகியோரும் எதிர்மனுதாரராவர். சித்திரவதைக்கு 11ஆம் உறுப்புரையும் சட்டவிரோதக் கைதுக்கு 13(1)ஆம் உறுப்புரையும் பொருந்தும். நட்டஈட்டை அரசிடம் மட்டுமன்றி அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்தும் செலுத்தச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், 2023 ஜனவரியில், முன்னாள் பொலிஸ் மா அதிபர் 75 மில்லியன் ரூபாய் செலுத்துமாறு உத்தரவிடப்பட்டார். காவலில் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவியும் மனுத் தாக்கல் செய்யலாம்.

மாதம் தவறியவர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் உண்டு. பொதுவாக இத்தகைய தீங்குக்குரிய வழக்கைத் தொடரும் காலம் இரண்டு ஆண்டுகள் என்றாலும், பொலிஸ் விடயத்தில் அதை நம்பித் தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் காட்டுவதே புத்தி. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின்படி, வழக்குக்கு ஒரு மாதம் முன்பாக எழுத்துமூல அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பதால், அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.