ஐ.எல்.டி.: நோயாளி சொல்வதையும் சி.டி. படத்தையும் பொருத்திப் பார்க்கும் முறை

ஐ.எல்.டி. எனப்படும் நுரையீரல் இடைத்திசு நோயில் (காற்றறைகளுக்கு இடையிலுள்ள திசு அழன்று தழும்பேறும் நோய்கள்) சி.டி. படத்தை முதலில் திறக்காதீர்கள். ஆளைக் கேளுங்கள். மூச்சு வாங்குவது வாரக்கணக்கா, வருடக்கணக்கா? வீட்டில் புறா, ஏர்கூலர், பூஞ்சை பிடித்த சுவர் உண்டா? குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாய்கிறதா? நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளான அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட், நைட்ரோஃபியூரன்டாயின் சாப்பிட்டதுண்டா? பிறகு முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்டால், பாதி விடை வந்துவிட்டது.

அடுத்து, படம் நம்பத்தக்கதா என்று பாருங்கள். படத்தின் ஒவ்வொரு வெட்டும் (ஸ்லைஸ்) 1.5 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கக் கூடாது. மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தி எடுத்திருக்க வேண்டும். மூச்சுக்குழாயின் பின்சுவர் உள்நோக்கி வளைந்திருந்தால் அது மூச்சை விட்டபோது எடுத்த படம். அதில் தெரியும் சாம்பல் படலம் நோயாக இருக்க வேண்டியதில்லை. முதுகுப்புறம் மட்டும் மங்கலா? குப்புறப் படுக்கவைத்து எடுங்கள். மறைந்துவிட்டால் அது வெறும் எடை அழுத்தம்.

அறுபதைத் தாண்டியவர், நாள்பட்ட வறட்டு இருமல், விரல்நுனி பருத்தல் என்றால் கீழ்ப்பகுதியில், நுரையீரல் உறையை ஒட்டித் தேன்கூடு போன்ற தழும்பைத் தேடுங்கள்: பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. அறைகள், தெளிவான சுவர், அடுக்கடுக்காக. மேல்பகுதியில் மெல்லிய சுவருடன் ஒரே வரிசையாக நின்றால் அது எம்பைசீமா (காற்றறைச் சுவர்கள் சிதைந்து விரியும் நோய்). தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

சில திட்டுகள் வெளிர், சில கறுப்பு, சில இயல்பு என்று ஒட்டுத்துணி போலத் தெரிந்தால், மீண்டும் புறாவையும் ஏர்கூலரையும் பற்றி விசாரியுங்கள்; அவற்றின் தூசியையும் பூஞ்சையையும் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம். மூச்சை விட்டு எடுத்த படத்தில் கறுப்புத் திட்டுகள் அப்படியே நின்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. 2017இல் வெளியான இந்திய ஐ.எல்.டி. பதிவேட்டில் 1084 பேரில் 47.3 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை அழற்சிதான். நம் ஊரில் இதைக் கேட்காமல் விடுவது பெரிய பிழை.

கீழ்ப்பகுதியில் சாம்பல் படலம், ஆனால் உறையை ஒட்டிய மெல்லிய விளிம்பு மட்டும் தப்பியிருக்கிறது, உணவுக்குழாயும் விரிந்திருக்கிறது என்றால் ஸ்க்ளீரோடெர்மாவை (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) நினையுங்கள். படம் பயமுறுத்துகிறது, ஆள் சாதாரணமாக நடக்கிறார் என்றால் சார்காய்டோசிஸாக (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்) இருக்கலாம்; காசநோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நோயாளி சொல்வதும் படமும் பொருந்தாத இடத்தில்தான் கவனம் தேவை. படத்தில் தழும்பு கொஞ்சம், ஆனால் பத்தடிக்கே மூச்சு முட்டுகிறதா? நுரையீரல் தமனி பக்கத்து அயோர்ட்டாவைவிட (இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி) பருத்திருந்தால் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்கள். மேலே எம்பைசீமா, கீழே தழும்பு என்றிருந்தால் ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் சோதனை கிட்டத்தட்ட இயல்பாக வந்து ஏமாற்றும், டி.எல்.சி.ஓ. (நுரையீரலிலிருந்து வாயு ரத்தத்துக்குள் கடக்கும் திறன்) மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். ரத்தசோகையையும் பாருங்கள். ஆறு நிமிட நடையில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் படத்தோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.

பழைய தேன்கூட்டின் மேல் புதிய சாம்பல் படலம், ஒரு மாதத்துக்குள் மூச்சுத்திணறல் ஏறிவிட்டது என்றால் வெளிநோயாளியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். சேர்த்துக்கொண்டு, இதயச் செயலிழப்பு, நீர்க்கோர்ப்பு, ரத்தக்கட்டி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கிருமித்தொற்றையும் தேடுங்கள்.